அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மலையாளப் பாடம்

என் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் மலையாளப் பேச்சுப் போட்டி என்றால் அவள் பெயரைத்தான் முதலில் எழுதுகிறார்கள். பார்ப்பவர்களிடமெல்லாம் நான் இதைச் சொல்லித் திரிகிறேன் என்று வீட்டில் கேலி உண்டு. ஆனால் அவள் நான்காம் வகுப்பில் இருந்தபோது நடந்த ஒன்றை அதிகம் பேரிடம் சொன்னதில்லை.

கேரளத் தலைநகரில், 'சாலை' என்று பெயர்கொண்ட கடைத்தெருவில் ஓர் அரிசி மொத்தக் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் நாகர்கோவில் தமிழ்தான். அப்போது மகள் மலையாளம் வாசித்தால் வகுப்பில் சிரிப்பார்கள். தமிழர்களைக் கேலி செய்யும் சொல்லைச் சேர்த்து, "பாண்டி மலையாளம்" என்று ஒரு பையன் சொன்ன நாளிலிருந்து அவள் வாயையே திறக்கவில்லை. டீச்சர் எங்களை இரண்டு முறை கூப்பிட்டுப் பேசியாயிற்று.

பள்ளிகள் மூடிக்கிடந்த அந்த வருஷம் பாடம் போனுக்கு வந்தது. பாடத்தை வாசித்து, பதிவுசெய்து டீச்சருக்கு அனுப்ப வேண்டும். எதிரே சிரிக்க ஆள் இல்லை. தப்பானால் அழித்துவிட்டு மறுபடி வாசிக்கலாம். அவளுக்கு இது பிடித்துப்போயிற்று. வீட்டில் இருந்த ஒரே நல்ல போன் என்னுடையது. பதினொரு மணிக்கு மேல் ஆர்டர் குறையும். அப்போது அவள் கடைக்கு வந்து போனை வாங்கிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டுக்குப் போவாள்.

அன்றும் வாங்கினாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். கடைகளுக்கு அப்போது இரண்டு மணி வரைதான் அனுமதி. போலீஸ் ஜீப் தெருமுனைக்கு வந்ததும் கடையையும் பின்னாலிருந்த கோடவுனையும் அவசரமாகப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"பிள்ள எங்க?" என்றாள் மனைவி.

"இங்க வரலியா?"

"உங்ககூட இருக்கான்னுல்லா நெனச்சேன்!"

மனைவியின் பட்டன் போனிலிருந்து என் போனுக்குக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் மலையாளத்தில் சொன்னது. மறுபடியும் அதே குரல். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வரை ஓடினேன். கோயில் நடை சாத்தியிருந்தது. சந்திப்பில் நின்ற போலீஸ்காரர், பிள்ளை என்ன நிறத்தில் உடை போட்டிருக்கிறாள் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது எங்களுக்கு மூட்டை இறக்கும் தொழிலாளி ஒருவர் எதிரே வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "சாரே, கோடவுனில் நோக்கியோ?" என்றார்.

பூட்டுக்குள் சாவி நுழையவில்லை. கொத்திலிருந்த கடைச் சாவியைத் திணித்துக்கொண்டிருந்தேன். அவரே வாங்கித் திறந்தார்.

ஷட்டர் மேலேறியது. மூட்டை அடுக்குகளுக்கு நடுவே, போன் வெளிச்சத்தில், என் மகள் உட்கார்ந்திருந்தாள். பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"அப்பா! ரெக்கார்டு ஆவுது. போச்சு, எல்லாம் போச்சு!"

போனை அவள் அணைக்கவில்லையாம். நடுவில் யாராவது கூப்பிட்டால் பதிவு அறுந்துவிடும், விமானப் படத்தை அமுக்கி வையுங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார்; அதை அப்படியே செய்திருக்கிறாள். வீட்டில் மிக்ஸிச் சத்தம், தெருச் சத்தம். கோடவுனில் எந்தச் சத்தத்தையும் மூட்டைகள் விழுங்கிவிடும் என்பதை அவளே கண்டுபிடித்திருந்தாள்.

தொழிலாளி சிரித்துவிட்டார். "எந்தா மோளே வாயிச்சது? ஞானும் கேக்கட்டே."

அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பதிவை மறுபடி தொடங்கி, எழுந்து நின்று, எறும்புகளைப் பற்றிய அந்தப் பாடத்தை முதலிலிருந்து வாசித்தாள். எதிரே ஆள் இருக்க, ஓரிடத்திலும் தடுமாறாமல். நான் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டேன். அவர் கைதட்டினார். அந்தக் கைதட்டலோடு சேர்ந்த பதிவைத்தான் டீச்சர் மறுநாள் எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பினார்.

வீட்டில் அவள் அம்மா கட்டிப்பிடித்து அழுதுகொண்டே திட்டியபோது, எதற்கு இவ்வளவு கலவரம் என்று பிள்ளைக்கு விளங்கவில்லை.

"உள்ள வச்சு பூட்டிக் கெடந்துச்சே, பயமா இல்லியாட்டீ?"

"என்ன பயம்? வெளிச்சத்தம் வரப்படாதுன்னு அப்பாதான ஷட்டர எறக்கித் தந்தாங்க."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மகளைப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினேன்.