பாதி அட்டை மாத்திரை

இன்று காலை மெடிக்கலில் டாக்டர் சீட்டை நீட்டி, "அண்ணா, அஞ்சு மாத்திரை மட்டும் குடுங்க" என்றேன். எனக்குப் பதற்றத்துக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை. முழு அட்டைக்குக் காசில்லை. நான் நூல் சுற்றிக்கொடுக்கும் தறியில் சேலையை நெய்து முடித்து அறுத்தால்தான் கூலி வரும். அதற்கு இன்னும் பத்து நாள்.

கடைக்காரர் தெருவுக்கே கேட்கும்படி, "பாதி வெட்டுனா மீதிய யாருமா வாங்குவாங்க? இந்த வயசுல உனக்கு இன்னா டென்ஷன்?" என்றார்.

பின்னால் நின்ற ஒரு அக்கா, "எந்நேரமும் போன் நோண்டிக்கினு இருந்தா வராதா" என்றார்.

"காப்பீட்டு கார்டு இருக்குதில்ல?" என்று கேட்டார் கடைக்காரர்.

"அது ஆஸ்பத்திரியில படுத்தாதான் செல்லுமாம்ணா."

"அப்ப போய்ப் படு."

எல்லோரும் சிரித்தார்கள்.

நாலு பேர் முன்னால் பேசினாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அதற்குத்தான் இந்த மாத்திரை. அதை வாங்க ஏழு பேர் முன்னால் கெஞ்ச வேண்டியிருக்கிறது. கோபம் வந்தது. ஆனாலும் நகராமல் நின்றேன். கடைசியில் வெட்டிக்கொடுத்தார்.

தினமும் ஒன்று என்று சீட்டில் எழுதியிருக்கிறது. பத்து நாளுக்கு என்னிடம் ஐந்து இருக்கிறது. அங்கே நின்று சிரித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், எந்த ஐந்து நாள் நான் பயப்படலாம் என்று கமெண்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.