பாஞ்சாலை கிணற்றில் இறக்கிய விளக்கு

ஆரணியில் கிணற்று மோட்டார்க் குழாயின் அடியில் இருக்கும் வால்வு அடைத்துக்கொண்டால் குப்புராஜைத்தான் கூப்பிடுவார்கள். மூச்சை அடக்கி மூழ்கி, இருட்டில் கையாலேயே தடவி, சிக்கிய கழிவு நூலைப் பிய்த்தெடுத்துவிடுவான். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை மேலே மனைவி பாஞ்சாலையின் கையில் இருக்கும். அவன் சுண்டினால் அவள் இழுப்பாள். அதையும் ஒரு வேலை என்று எந்த முதலாளியும் நினைத்ததில்லை. அந்தக் கோபம் அவளுக்கு வெகுநாளாக உண்டு.

எண்பத்திரண்டாம் வருடக் கோடையில், பட்டுக்குச் சாயம் போடும் பரசுராமன் ஒரு சின்ன விளக்கு வாங்கிவந்தார். நெற்றியில் பட்டை போட்டுக் கட்டிக்கொள்வது. தண்ணீர் புகாது என்றார்.

“வெளிச்சம் இருக்கறப்ப கயிறு எதுக்கு? குழாய்ல சுத்திக்கும். அவுத்துட்டு எறங்குடா.”

“கயிறு இருக்கட்டும் மொதலாளி” என்றாள் பாஞ்சாலை.

“உன்ன யாரு கேட்டா?”

குப்புராஜ் சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தான். விளக்கு பச்சைப் பொட்டாகக் கீழே போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்குப் போனதும் மங்கி, அணைந்தது. வெளிச்சத்தை நம்பி அவன் குழாயிலிருந்து கையை எடுத்திருந்தான். திசை தெரியாமல் மேலே உந்தியவன் துருத்திய பாறையில் மண்டையை மோதிக்கொண்டான். ஒருவழியாகத் தலையை வெளியே நீட்டியபோது முகமெல்லாம் ரத்தம்.

“வால்வு சரியாச்சா?” என்றார் பரசுராமன்.

தையல் போட்ட மறுநாள் காலை, அவள் விளக்கோடு, அதை விற்ற கடைக்காரர் அருணாச்சலத்தின் முன்னால் போய் நின்றாள்.

“தண்ணி பூராதுன்னுதான வித்தீங்க?”

அவர் புது விளக்கு ஒன்றை எரியவிட்டுப் பக்கெட் தண்ணீரில் போட்டார். அது ஜம்மென்று எரிந்தது. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

“பாத்துக்க. உம் புருசன் எங்கனா இடிச்சி ஒடச்சிருப்பான்.”

பாஞ்சாலை பக்கெட்டில் கைவிட்டு அதை எடுத்தாள். தோளில் கிடந்த தன் கயிற்றில் ஒரு கல்லோடு சேர்த்துக் கட்டி, கடைவீதிக்குப் பின்னால் இருந்த கிணற்றுக்கு நடந்தாள். அவர் கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். ஓர் ஆள் ஆழத்தில் எரிந்தது. இன்னும் இறக்கினாள், எரிந்தது. யாரோ கிண்டலாகச் சீட்டியடித்தான். மேலும் கயிற்றை விட்டாள். சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. வெளிச்சம் மஞ்சளாகி, இல்லாமல் போனது. இழுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் பாதிக்குத் தண்ணீர்.

“பக்கெட்டுலியா எம் புருசன் முழுவறான்? அடியில மூச்ச புடிச்சிகினு இருக்கறவன் தலையில இத கட்டுவியா நீ?”

அவள் மரியாதையை விட்டுவிட்டதை அருணாச்சலம் கவனித்தார். ஆனாலும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். “மழைக்குத் தாங்கும், முழுவறதுக்கு ஆவாதுன்னு ஒங்க மொதலாளிகிட்ட சொல்லித்தாம்மா குடுத்தேன்.”

அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டாள். அப்படியே சாயப்பட்டறைக்குப் போனாள்.

“மழைக்குதான்னு தெரிஞ்சேவா கட்டினீங்க?”

“ஒரு வெளக்குக்கு இவ்ளோ பேஜாரா? வேற நல்லதா வாங்கித் தரேன், போ.”

“வாங்குங்க. மொதல்ல நீங்க கட்டிகினு எறங்குங்க. மேல நான் நிக்கறேன்.”

அதன்பின் அந்தத் தெருவிலிருந்து குப்புராஜுக்கு அழைப்பே இல்லை. சந்தவாசல் பக்கத்து விவசாயக் கிணறுகளுக்கு இருவரும் பஸ்ஸில் போகத் தொடங்கினார்கள். “ஆள் ஒருத்தன் போதுமே” என்று யாராவது சொன்னால் அவள் திரும்பி நடந்துவிடுவாள். பிறகு அவர்களே கூப்பிடுவார்கள்.

ஒருநாள் பஸ்ஸில் குப்புராஜ் மெல்லச் சொன்னான்: “அடியில பாறை, மீனு எல்லாத்தையும் அந்த வெளக்கு கட்டின அன்னிக்குதான் கண்ணால பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சி.”

பாஞ்சாலை எழுந்து வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.