காகத்தின் மூன்றாவது கால்

அக்கா என்னைவிட வயதில் சிறியவள். ஆனாலும் எங்கள் நிறுவனத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா, அதனால் எனக்கும் அக்கா. அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்தான் எங்கள் முதலாளி. அவர் எல்லோருக்கும் அண்ணன். வேலை பார்க்கிற இடத்தில் இப்படி உறவு கொண்டாடினால் என்ன ஆகும் தெரியுமா? யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. அண்ணனிடம் போய் 'நீங்கள் செய்தது சரியில்லை' என்று எந்தத் தம்பி சொல்வான்?

நாங்கள் குழந்தைகளுக்குக் கார்ட்டூன் படம் செய்கிறவர்கள். இன்னும் காகிதத்தில்தான் வரைகிறோம். ஒரு பழைய கிடங்கைத் தடுத்து, ஒரு பக்கம் வரைகிறவர்கள், மறுபக்கம் வண்ணம் அடிக்கிறவர்கள், கடைசியில் என்னுடைய ஒலிப்பதிவு அறை. கதவு கிறீச்சிடுவதும் மழை பெய்வதும் என் வேலை. படத்தில் காகம் சிறகடித்தால் இங்கே நான் ஓர் ஓட்டைக் குடையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பேன். அதனால் எனக்குப் பெயர் 'சத்தம்'.

வரைகிற பக்கத்திலிருந்து வண்ணத்துக்குப் போகிற வழியில், வாசல்படி மாதிரி, அண்ணனின் மேஜை கிடந்தது. அவர் பென்சில் படாமல் ஒரு தாளும் அதைத் தாண்டாது. அவர் கை பொன்னான கை, அதில் சந்தேகமே இல்லை. அவர் ஒரு கோடு இழுத்தால் தூங்குகிற கரடிக்கு மூச்சு வரும். ஆனால் எதையும் தொடாமல் விட மனுஷனால் முடியாது. நன்றாக இருக்கிற படத்திலும் கண்ணைக் கொஞ்சம் திருத்துவார். கண் மாறினால் முகம் மாற வேண்டும். முகம் மாறினால் காட்சியே மாற வேண்டும். ஒரு வாரத்து வேலை குப்பைக்கூடைக்குப் போகும்.

இதற்கு எங்கள் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு படத்திலும் வேண்டுமென்றே ஒரு தப்பு விடுவது. நாற்காலிக்கு ஒரு கால் குறைச்சல், கடிகாரத்துக்கு முள் இல்லை, சட்டைக்குப் பொத்தான் இல்லை. அண்ணன் அதைப் பார்த்ததும் கொக்கு மீனைக் கண்டதுபோல் ஒரே கொத்து. "பாத்தியா? இதைக்கூட கவனிக்கலை!" என்று வட்டம் போட்டுவிட்டு, அந்தச் சந்தோஷத்தில் மற்றதை விட்டுவிடுவார். இந்தத் தப்புக்குப் பெயர் திருஷ்டிப் பொட்டு. இதில் ஒரு கண்டிப்பான ஒழுங்கும் உண்டு: ஒருவர் வைத்த பொட்டை இன்னொருவர் தொடக்கூடாது. அது அண்ணனுடைய பங்கு. அக்காவிடம் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. ஆயிரம்தான் இருந்தாலும் முதலாளியின் தங்கை அல்லவா?

அக்காவும் சின்ன வயதில் வரைந்தவள்தான். ஒருமுறை தேநீர் குடிக்கும்போது சொன்னாள்: "நான் ஒரு மரம் வரைவேன். அண்ணன் வந்து 'இங்க ஒரு கிளை'ம்பாரு, 'இங்க ஒரு வளைவு'ம்பாரு. கடைசில நிக்கிறது அவரு மரம். சண்டை போட்டுப் பாத்தேன், அலுத்துப்போச்சு. பென்சிலைக் கீழ வெச்சுட்டேன்." அதன் பிறகு அவள் கையில் எடுத்தது கடிகாரத்தை. எந்தக் காட்சி என்றைக்கு முடிய வேண்டும் என்று வண்ணச் சீட்டுகளை எழுதிச் சுவரில் ஒட்டுவாள். படம் வழக்கம்போல் தள்ளிப் போகும். சீட்டைப் பிய்த்துத் தள்ளி ஒட்டுவாள். பல வருஷம் அவள் செய்த வேலை அதுதான்.

தாமதம் தாங்காமல் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரு குழந்தைகள் தொலைக்காட்சி மட்டும். தபால் கொண்டுபோகிற காகத்தைப் பற்றிய தொடர் அது. அண்ணன் உருவாக்கிய காகம்தான், ஆனால் உரிமை அவர்களிடம். அந்தத் தொலைக்காட்சியின் அதிகாரி சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: அடுத்த படம் தாமதமாக வந்தாலோ தப்பாக வந்தாலோ காகத்தை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவோம். காகம் போனால் கிடங்கைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு நாங்கள் எல்லோரும் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

அன்றைக்கு அண்ணன் தங்கையைக் கூப்பிட்டு எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "என்னால ஆகலம்மா. எப்படி மாத்தணுமோ நீயே மாத்து. நான் குறுக்க வரமாட்டேன்."

"மாத்தறதுக்குன்னு ஒரு ஆளைப் போட்டாச்சு. இனிமே நாம மாற வேண்டாம்," என்று என் காதில் கிசுகிசுத்தான் மீசை. வரைகிறவர்களில் மூத்தவன், வாய் கொஞ்சம் அதிகம்.

அக்கா ஒவ்வொருவரையும் தனியாக உட்கார்த்தி வைத்துக் கேட்டாள். வரைகிறவர்கள் வண்ணத்தைச் சொன்னார்கள். வண்ணம் அடிக்கிறவர்கள் வரைகிறவர்களைச் சொன்னார்கள். மேஜையை யாரும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு மாடிப்படியில் செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருப்பாள். கால் வீங்கிக் கிடக்கும். பேருந்து ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர் சில நாள் அழைத்துப் போக வருவார். "மச்சான் ஒண்ணு அண்ணனா இருக்கட்டும், இல்ல முதலாளியா இருக்கட்டும். ரெண்டையும் சேத்துத் தூக்கினா உனக்குத்தான் முதுகு போகும்," என்றார் ஒரு நாள். அக்கா செருப்பைத் தேடினாள்.

கடைசியில் அவளே கண்டுபிடித்துவிட்டாள். மேஜையை மாடி அறைக்கு ஏற்றச் சொன்னாள். நல்ல வெளிச்சம் வருகிற அறை. அங்கே உட்கார்ந்து அண்ணன் புதுக் கதைகள் யோசிக்கட்டும், இங்கே தாள்கள் நேராக வண்ணத்துக்குப் போகட்டும். நானும் மீசையும்தான் மேஜையைத் தூக்கினோம். அண்ணன் பென்சில் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினார். "பாத்து, சுவத்துல இடிக்கப்போகுது," என்றார். எனக்கு என்னவோ போல் இருந்தது.

'கூடப்பிறந்தவரையே பரணில் ஏற்றிவிட்டாள்' என்று பேசிக்கொண்டார்கள். அக்கா காதிலும் விழுந்தது. சீட்டு ஒட்டிக்கொண்டே இருந்தாள். அந்தப் படம் சொன்ன நாளில் முடிந்தது. சுவரில் ஒரு சீட்டுகூடத் தள்ளிப் போகவில்லை. படத்தை அனுப்பிவிட்டு அவள் சிரித்தாள். அவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மறுநாள் காலையில் அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"உங்க காகத்துக்கு எத்தனை காலும்மா?"

விளையாடுகிறார் என்றுதான் அக்கா நினைத்தாள். படத்தை ஓட்டிப் பார்த்தோம். தபால் நிலையத்தில் காகம் கம்பீரமாக நிற்கிறது, மூன்று காலில். நான் ஒலி சேர்த்தது இதற்கு முந்தின, வண்ணம் அடிக்காத கோட்டுப்படத்துக்கு. அதில் இரண்டு கால்தான் இருந்தது. பார்த்திருந்தால் நீ வாயைத் திறந்திருப்பாயா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். சாயங்காலத்துக்குள் திருத்தி வராவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அதிகாரி வைத்துவிட்டார்.

அக்கா எல்லோரையும் கூட்டினாள். "யாரு கண்ணுலயும் படலையா?"

மீசை தலையைச் சொறிந்தான். பிறகு திருஷ்டிப் பொட்டுக் கதை முழுவதையும் சொன்னான்.

"மேஜைதான் மாடிக்குப் போயிடுச்சே?"

"போயிடுச்சுக்கா. கை பழகிடுச்சு, அதுபாட்டுக்குப் போட்டுடுச்சு."

வண்ணப் பகுதியைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் மெல்ல வாயைத் திறந்தாள். அதிகம் பேசாதவள். "நான் பாத்தேன்க்கா. மூணாவது காலுக்குக் கருப்பு அடிச்சதே நான்தான். அண்ணனுக்கு விட்டதாச்சேன்னு தொடலை."

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

"நானும் பாத்தேன்," என்று மாடிப்படியிலிருந்து குரல் வந்தது. அண்ணன். தேநீர் குடிக்கக் கீழே வந்தபோது திரையில் பார்த்தாராம்.

"பாத்துட்டு?"

"குறுக்க வரமாட்டேன்னு சொல்லியிருந்தேனே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஓட்டைக் குடையை எடுத்து அவர் முதுகில் நாலு போடலாமா என்று இருந்தது. தங்கை தோற்று வந்து தன் காலடியில் நிற்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார். எங்கள் எல்லோருடைய பிழைப்பையும் அதில் பணயம் வைத்திருக்கிறார்.

அக்கா கத்தவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது உன் காகம்ண்ணா," என்றாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"மேஜையைக் கீழ இறக்கிடலாமாக்கா?" என்றான் மீசை.

"எனக்கு ரொம்ப அசதியா இருக்கு," என்றாள் அக்கா. "இறக்க வேண்டாம். அண்ணா, மீசை பக்கத்துல ஒரு நாற்காலி காலியா இருக்கு. உக்காந்து அந்தக் காலை அழிச்சுக் கொடு. எல்லாரோட தாளும் போற மாதிரி வண்ணத்துக்குப் போகட்டும்."

முதலாளி வந்து வரிசையில் ஓர் ஆளாக உட்கார்ந்தார். அந்த நாற்காலி ஆடும். அதையும் சொல்லாமல் உட்கார்ந்தார். தாள் தாளாக மூன்றாவது காலை எடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் அழகாக ஊன்றி வைத்தார். கை பொன்னான கைதானே. தாள்கள் வண்ணத்துக்குப் போயின.

வண்ணக்கார அம்மாள் முதல் தாளைப் பார்த்தாள். தூரிகையை எடுத்தாள், வைத்தாள். எழுந்தாள், உட்கார்ந்தாள். பிறகு தாளோடு எழுந்து, மேஜை கிடந்த இடத்தைத் தாண்டி, அண்ணன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா... நிழல்ல இன்னும் மூணு கால் இருக்குண்ணா."

எல்லோர் பென்சிலும் நின்றது. இத்தனை வருஷத்தில் அவர் தாளில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். காது சிவந்துபோனது.

"ஆமாம்மா," என்றார். "நான் பாக்கலை. கொடு."

அக்கா என் அறைக்குள் வந்தாள். "சத்தம், கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?" என்றாள். நான் வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வராது, அப்படிப்பட்ட கதவு அது. கதவுக் கண்ணாடி வழியாக அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. நான் திரும்பி நின்றுகொண்டேன்.

சாயங்காலம் படம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. காகம் எங்களிடமே இருக்கிறது. ஆனால் எனக்கு மறக்காதது அவள் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்ததுதான். கண்கள் வீங்கியிருந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே சீட்டுகள் ஒட்டிய சுவரைப் பார்த்துக் கேட்டாள்:

"நிழல் முடிஞ்சுதா?"