மாட்டுப் பொங்கலுக்குப் போகாத பாஸ்டர்

செவ்வாய்க்கிழமை காலை பாசாரில் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசி விடாமல் துடித்தது. சபை வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகக் கும்பிடு படங்கள். யாருக்கு, என்ன என்று ஒருவரும் எழுதவில்லை. "அட, யாருன்னு சொல்லித் தொலைங்களேன்!" என்று மீன்காரர் முன்னாலேயே கத்திவிட்டேன். மேலே தள்ளிக்கொண்டே போனால் முதல் செய்தி கிடைத்தது. பாஸ்டர் தானியேல் விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார். மீனை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அழுகை வரவில்லை. ஐயோ, இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லையே என்பதுதான் முதலில் வந்தது.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நல்லவர், எளியவர், ஜெபவீரர் என்று இரங்கல் கூட்டத்தில் எல்லாரும் சொல்லியாயிற்று. நான் சொல்ல வேண்டியது வேறு. சபைக் கமிட்டியின் செயலாளர் நான். ஒரு கப்பல் கம்பெனியில் முப்பது வருடம் கடிதம் அடித்த கை என்னுடையது.

கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் இன்று கடையும் வீடுமாக நிற்கிற இடத்துக்குப் பின்னால் அவருடைய அப்பா மாட்டுப் பண்ணை வைத்திருந்தார். வீட்டில் இவருக்கு வைத்த பெயர் முனியாண்டி. சின்ன வயதிலிருந்தே பால் கறந்து, சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய் ஊற்றியவர். போதகரான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. காலை ஆறரைக்கு வீடு சந்திக்க வருவார், அதுவும் பின்வாசல் வழியாக. தலைகூட வாராமல் அடுப்படியில் நிற்கும்போது "தோத்திரம் சிஸ்டர்" என்று குரல் கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? "பாஸ்டர், முன்னால பெல் இருக்குலா!" என்று ஒருமுறை சீறினேன். சிரித்தார். "ஹால்ல எல்லாரும் பரிசுத்தவான்தான் சிஸ்டர். அடுப்படிக்கு வந்தாத்தான் யாருக்கு எங்க வலிக்குதுன்னு தெரியுது."

அப்படி ஒரு காலையில் என் வலியும் தெரிந்துவிட்டது. என் மகன் சண்டை போட்டு, சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்துவிட்டுப் போயிருந்தான். நான் தரையில் உட்கார்ந்து சோற்றை வழித்துக்கொண்டு அழுதேன். பாஸ்டர் உள்ளே வந்தார். துடைப்பத்தை எடுத்துப் பீங்கான் துண்டுகளைக் கூட்டி, காகிதத்தில் மடித்துப் போட்டுவிட்டு, ஜெபம்கூடப் பண்ணாமல் கிளம்பினார். வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை. நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ அன்றிலிருந்து அவரைக் கண்டாலே கூசியது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் காதில் விழாது. இந்த மனுஷனுக்கு என் வீட்டுக் குப்பை தெரியும் என்றே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் படம் வந்தது. பாஸ்டர் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, மாலை போட்ட பசுவின் பக்கத்தில் நிற்கிறார். பசுவின் நெற்றியில் குங்குமம். யாரோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். உடனே கமிட்டி கூடியது. பாஸ்டர் வழக்கம்போல உட்காராமல், சன்னலோரம் நின்றபடியே விளக்கினார். பத்தொன்பது வயதில் அவர் ஞானஸ்நானம் எடுத்த அன்று, "சாமிய மாத்திக்கிட்டல்ல, இனி வீட்டுப் படி ஏறாத" என்று அண்ணன் வீரையா சொல்லிவிட்டாராம். அதோடு பேச்சு நின்றது. ஆனால் மாட்டுப் பொங்கலன்று மட்டும் அண்ணன் பண்ணைக் கேட்டைத் திறந்து வைத்திருப்பார். தம்பி போய் மாடுகளைக் குளிப்பாட்டிவிட்டு, பூசைக்கு முன்னால் கிளம்பிவிடுவார். "அண்ணன் ஒரு வார்த்த பேசமாட்டாரு. ஆனா தண்ணிக் குழாய அவரே எடுத்து நீட்டுவாரு சிஸ்டர். எனக்கு அது போதும்லா."

எனக்குப் போதவில்லை. "பூச போட்ட மாட்டுப் பக்கத்துல நீங்க நின்னா வெளிய என்ன நெனப்பாங்க? சபையோட சாட்சி கெட்டுப்போகுது பாஸ்டர்" என்றேன். மற்றவர்கள் இழுத்தார்கள். அண்ணன் தம்பி விஷயம், விட்டுவிடலாமே என்றுகூட ஒருவர் சொன்னார். நான்தான் விடவில்லை. அன்றைக்கே கடிதம் அடித்தேன். இனி அங்கே போகக் கூடாது, போனால் இந்தச் சபையில் ஊழியம் கிடையாது. நான்கு வரி, ஓர் எழுத்துப் பிழை இல்லை. பாஸ்டர் வாசித்துப் பார்த்துவிட்டு "சரி" என்றார். "அண்ணன்கிட்ட காரணத்தச் சொல்லி அனுப்பிடுங்களேன்" என்று பெரிய மனசு பண்ணிச் சொன்னேன். "வேணாம் சிஸ்டர். சொன்னா அண்ணன் சபையத் திட்டுவாரு. அந்தத் திட்ட நானே வாங்கிக்கிறேன்."

இரண்டு மாட்டுப் பொங்கல் போயின. அந்த இரண்டு நாளும் பாஸ்டர் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஆலய வளாகத்தில் புல் வெட்டினார். வெட்டின இடத்தையே மறுபடியும் வெட்டினார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, கீழ்ப்படிகிறார் என்று திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். பிறகுதான் அது உறுத்த ஆரம்பித்தது; மன்னிப்பை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

அடக்கத்தன்று வீரையா அண்ணன் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பெட்டியருகில் வெகுநேரம் நின்றார். பிறகு பக்கத்தில் நின்ற என்னைக் கேட்டார்.

"ரெண்டு வருசமா முனியாண்டி ஏன் வரலன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

பிணத்தை வைத்துக்கொண்டு நான் பொய் சொன்னேன். "ஆமாண்ணே, சரியில்ல."

"அதான பாத்தேன்" என்று தலையாட்டினார். "பொழுது சாயற வரைக்கும் கேட்டத் தொறந்துதான் வச்சிருந்தேன்."

பத்து நாள் தாங்கினேன். ஜெபிக்க முழங்கால் போட்டால் ஒரு நிமிஷத்தில் எழுந்துவிடுகிறேன். வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன். போன சனிக்கிழமை ஃபெரி ஏறி, பட்டர்வொர்த்தில் டாக்சி பிடித்துப் பண்ணைக்குப் போனேன். அண்ணன் மாடுகளுக்குப் புல் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நின்றபடியே சொன்னேன்.

"அண்ணே, அன்னிக்குப் பொய் சொன்னேன். பாஸ்டருக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. இங்க வரக்கூடாதுன்னு நாங்கதான் கடிதம் குடுத்தோம். அடிச்சது நான்தான்."

கையிலிருந்த புல்லைக் கீழே போட்டார். "அப்ப, வரணும்னுதான் இருந்தானா?"

"ஆமாண்ணே."

"உங்க மேல கோவப்பட்டானா?"

"இல்லண்ணே. ஒரு தடவகூட இல்ல."

என்னைப் பார்க்காமல் மாடுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பட்டிருக்கணும்மா. கோவப்பட்டிருந்தான்னா வந்திருப்பான்."

பாஸ்டரின் வேதாகமத்தைச் சபையில் வைத்துக்கொண்டார்கள். மோட்டார் சைக்கிளை அவர் மருமகன் எடுத்துக்கொண்டார். எனக்கென்று மிஞ்சியது அவர் படாத அந்தக் கோபம். ஜெபித்து ஆற்றிக்கொள்ளுங்கள் சிஸ்டர் என்கிறார்கள். மாட்டேன். அந்தக் கடிதத்தை ரத்து செய்து, வீரையா அண்ணனிடம் கமிட்டி நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் கூட்டம். ஆளே போன பிறகு எதற்கு இதெல்லாம் என்று யாராவது கேட்பீர்கள். கேளுங்கள். அந்தக் கோபத்தோடுதான் வருகிறேன்.