கரடிக் காவலுக்கு ஒரு விசில்

2025 ஒக்டோபர் 14, செவ்வாய், காலை 10.20. தூறல், ஒன்பது பாகைக் குளிர்.

கனடாவில் மான் வேட்டைக்கு உரிமம் எடுத்திருக்கும் மகளிடம் போகும் வழியில், இலண்டன் ரெய்னர்ஸ் லேன் கடையொன்றில் நிற்கிறேன். அவள் வேட்டைக்குப் போகும் காட்டில் கரடி உண்டு. சத்தம் கேட்டால் கரடி விலகிப்போகும் என்று, கையில் கட்ட மணி கேட்கிறேன்.

"மணி கேட்டா மானெல்லே ஓடும், அண்ணை!" கடைக்காரர் சிரிக்கிறார்.

"சுட்ட பிறகுதான் தம்பி பயம். இறைச்சி மணத்துக்குக் கரடி வரும். மகள் மானை உரிக்கேக்க ஒராள் காவல் நிக்கவேணும்."

"ஆர் காவல்?"

"நான்தான்." எழுபத்துநான்கு வயதில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்.

"கரடியைக் கண்டா ஓடுவியளோ?"

"ஓடினாத் துரத்தும். மகள் ஆறுதரம் சொல்லிப்போட்டாள். நான் சத்தம் போட, அவள் கரடிக்கு அடிக்கிற மிளகாய் ஸ்பிரேயை எடுப்பாள்."

அவர் எடுத்த மணியைத் திரும்ப வைத்துவிட்டு விசிலை நீட்டுகிறார். மூன்று முறை ஊதுகிறேன். கடையில் நால்வர் காதைப் பொத்துகிறார்கள்.

இரண்டு பவுண் நாற்பது பென்ஸ்.