தண்ணி விழுந்துட்டா?

என் முதல் கேசட்டில் ஒரு பிழை இருக்கிறது. தென்காசியில் ஒரு ரேடியோ கடையின் மாடியில் அதைப் பதிவு செய்தோம். நான் நடவுப் பாட்டுப் பாட, என் வீட்டுக்காரர் டோலக் வாசித்தார். இரண்டு பேருக்கும் ஒரே மைக். இரண்டாவது சரணம் முடிந்தபோது ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று வந்தது. ஆனி மாதம், மேற்கே மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. பாடிக்கொண்டிருக்கிறோம் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

“ஏங்க, குத்தாலத்துல தண்ணி விழுந்துட்டா?” என்று கேட்டுவிட்டேன்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. கை நிற்காமல், “விழுந்துட்டு, விழுந்துட்டு!” என்று தாளத்திலேயே பதில் சொன்னார்.

மறுபடி பாடுகிறேன் என்றேன். கடைக்காரர் சம்மதிக்கவில்லை. “நல்லாத்தான இருக்கு, கெடக்கட்டும்” என்றார். வந்த கோபத்தில் அவர் வாங்கித் தந்த டீயைக்கூட நான் தொடவில்லை.

அதன்பிறகு பிசிறில்லாமல் எத்தனையோ பாட்டுகள் பதிவு செய்தேன். அவற்றை யாரும் கேட்பதில்லை. இது மட்டும் இன்று கைபேசிகளில் சுற்றுகிறது. ஆனி பிறந்தால் எனக்கே அனுப்பிவைக்கிறார்கள்.

இந்தச் சித்திரையில் கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு கோயில் கொடை விழாவில் பாடினேன். வேண்டுமென்றே அந்தக் கேள்வியை விட்டுவிட்டு மூன்றாவது சரணத்துக்குப் போனேன். முன்வரிசையில் ஒருத்தி எழுந்தே விட்டாள்.

“ஏ யக்கா, தண்ணி விழுந்துட்டான்னு கேக்கலியே!”

கேட்டேன். அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லாத அந்த வெயிலில், என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் மொத்தமும் சொன்னது: “விழுந்துட்டு, விழுந்துட்டு!”