கௌரிசங்கரின் முழங்கை

கிரான்பர்ன் வீட்டு வாசலில் காலணியைக் கழற்றும்போதே, கௌரிசங்கர் ‘சார்’ என்பதையும் கழற்றிவிடுவார். உள்ளே மகேந்திரராஜா அவருக்கு அங்கிள், மைதானத்தில் சார். டைல்ஸ் கடை வைத்துச் சம்பாதித்து பேஸ்பால் அணி ஒன்றை வாங்கியவரும், நாங்கள் அறை எடுத்திருக்கும் வீட்டின் சொந்தக்காரரும் ஒரே ஆள் என்பதால் இந்த ஏற்பாடு. பக்கத்து அறையில் இருக்கும் நான் கேட்டவரை, இந்த இரண்டு அழைப்பும் இடம் மாறியதில்லை.

கௌரிசங்கருக்குப் பகலில் மல்கிரேவில் மென்பொருள் வேலை, மாலையில் அதே அணிக்குப் பந்து எறிதல். வேலூரில் கிரிக்கெட் ஆடியபோது, கை மடங்குகிறது, இவன் வீசவில்லை, எறிகிறான் என்று நடுவர்கள் திருப்பி அனுப்பினார்களாம். “இங்க அதுக்குத்தான் சம்பளமே” என்பார், சிரிக்காமல். பாலோ அரிசி மூட்டையோ, எதையும் இடது கையால்தான் தூக்குவார். ஃப்ரீசரில் எப்போதும் ஒரு பட்டாணிப் பொட்டலம் இருக்கும், வலது முழங்கையில் ஒத்திக்கொள்ள. மகேந்திரராஜாவின் மனைவி விஜயா அன்ரி இரண்டு தடவை அதைக் கறிக்குப் போட்டுவிட்டார். அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் இந்தப் பருவத்தோடு எறிவது முடிந்தது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

ஆட்டக்காரர்களின் பிரதிநிதியும் கௌரிசங்கர்தான். தன்னைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு அவர் போகவில்லை, போயிருந்தால் தப்பித்திருப்பார். காயம்பட்டவருக்குச் சிகிச்சைச் செலவை அணி ஏற்க வேண்டும் என்பது ஒரே கோரிக்கை. தோளும் காலும் போய் மூன்று பேர் வீட்டில் கிடக்கிறார்கள். விளையாட்டென்றால் அடிபடத்தான் செய்யும் என்பது முதலாளியின் பதில். மைதானத்தில் இருவரும் வழக்கறிஞர்கள் மூலம் பேசிக்கொள்கிறார்கள். பிறகு ஒரே காரில் வீடு திரும்புகிறார்கள். வழியில் மழை வருமா என்று பேசுவார்களாம்.

சாப்பாட்டு மேசையில் பேஸ்பால் கதைக்கக் கூடாது என்பது விஜயா அன்ரியின் சட்டம். சனிக்கிழமை ஆட்டத்துக்கு இறங்கமாட்டோம் என்று ஆட்டக்காரர்கள் அறிவித்த அன்று இரவு நண்டுக்கறி. சட்டத்தை மகேந்திரராஜாவே மீறினார்.

“தம்பி, உம்மட ஒப்பரேஷனை நான் பாக்கிறன். நல்ல டொக்டராப் பிடிச்சிருக்கிறன். சனிக்கிழமை எல்லாரையும் இறக்கிவிடும்.”

“மத்த மூணு பேரு, அங்கிள்?”

“அவைக்கும் எனக்கும் என்ன? நீர் எங்கட வீட்டுப் பிள்ளை.”

விஜயா அன்ரி கணவரைப் பார்த்தார். “பிள்ளையெண்டா முதல்ல சாப்பிட விடுங்கோ” என்றார்.

மகேந்திரராஜா எழுந்து, தானே பரிமாற வந்தார். அவர் யாருக்கும் பரிமாறி நான் பார்த்ததில்லை. சட்டியைத் துழாவி, இருப்பதிலேயே பெரிய நண்டாக அள்ளினார். கரண்டி தட்டுக்கு மேலே வந்தபோது கௌரிசங்கர் இடது கையைத் தட்டின்மேல் விரித்தார். கொதிக்கும் குழம்பு ஒரு சொட்டு புறங்கையில் விழுந்தது. கையை எடுக்கவில்லை.